மிச்சத்தில் பிறந்த டாங்கி

“வீட்டில் டேங்க் செய்து கொண்டிருக்கிறேன்” என்று சங்கக் கூட்டத்தில் சொன்னால், “எத்தனை லிட்டர், சார்?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் போர் வண்டிக்குப் பெயர் வந்த கதையே அப்படித்தான். முதல் உலகப் போரின்போது, 1915-16-ல், பிரிட்டிஷார் அதை ரகசியமாகத் தயாரித்தார்கள். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத் தண்ணீர்த் தொட்டி போன்ற ஏதோ ஒன்று என்று எண்ணும்படி ‘டேங்க்’ என்று பெயர் வைத்தார்கள். போர் முடிந்தும் பெயர் நிலைத்துவிட்டது. நான் செய்வது அந்த டாங்கியின் சிறிய உருவம். பீரங்கிக் குழலையும் சேர்த்து அளந்தால் ஒரு சாணுக்குச் சற்று அதிகம் இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கான பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் அடைத்துக் கடைகளில் கிடைக்கின்றன. ‘கிட்’ என்று சொல்வார்கள். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, வரைபடத்தைப் பார்த்து ஒட்ட வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ஒரே டாங்கியின் இரண்டு மூன்று வகைகளுக்கு உரிய பாகங்கள் இருக்கும். ஒரு வகையைக் கட்டி முடித்தால் மற்ற வகைக்கான பாகங்கள் மிஞ்சும். நான்கைந்து டாங்கிகள் கட்டியவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சக்கரமும் குழலும் கதவும் சேர்ந்துவிடும். அந்த மிச்சங்களைக் கலந்து, எந்தப் பெட்டியிலும் வராத புதிய வண்டி ஒன்றை உருவாக்குவதற்குத்தான் ‘கிட்பேஷிங்’ என்று பெயர். 1977-ல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களைக்கூட இப்படித்தான் செய்தார்கள். டாங்கி, கார் முதலியவற்றின் கிட் பாகங்களை அவற்றின் உடலெங்கும் ஒட்டினார்கள்.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. கார்களை ஏற்றிச் செல்லும் மூடிய பெட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல ஒரு காலத்தில் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்து, பயணிகளைச் சுமந்து ஓடியவை. வயதானதும் ஜன்னல்களை அடைத்து, இருக்கைகளைக் கழற்றி, இரு முனைகளிலும் அகலக் கதவு வைத்துச் சரக்குப் பெட்டியாக மாற்றினார்கள். பணிமனையில் நாங்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. எங்கிருந்தோ கழற்றிய பாகத்தை வேறிடத்தில் மாட்டுவது எளிது. மாட்டிய பிறகு எடை எங்கே இறங்குகிறது, ஆள் எங்கே கை வைப்பான் என்று பார்ப்பதுதான் கடினம். சிறிய டாங்கிக்கும் இதே பாடம்தான்.

போர்க்களத்தின் கலப்பு

நிஜமான படைகளும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்களின் ஷெர்மன் டாங்கிக்குள் பிரிட்டிஷார் தங்களுடைய ‘17 பவுண்டர்’ பீரங்கியை வைத்தார்கள். 1944 ஜூனில் நடந்த நார்மண்டி தரையிறக்கத்துக்குத் தயாரான அந்த வண்டிக்கு ‘ஃபயர்ஃப்ளை’ என்று பெயர் நிலைத்தது. ஷெர்மனின் சுழல் கோபுரம் இவ்வளவு பெரிய பீரங்கிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே ஒன்றை மாற்ற, அடுத்தடுத்துப் பலவற்றை மாற்ற வேண்டி வந்தது.

பீரங்கியைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தார்கள். அப்போதுதான் இடப்பக்கம் நிற்பவர் குண்டைத் திணிக்க முடிந்தது. சுடும்போது பீரங்கி பின்னால் உதைக்க இடம் வேண்டும். அங்கே இருந்த வானொலிக் கருவியை எடுத்து, கோபுரத்தின் பின்புறம் துளை போட்டு, வெளியே ஒரு கவசப் பெட்டியில் வைத்தார்கள். குண்டுகள் நீளமானவை, அவற்றை அடுக்க முன்புற இயந்திரத் துப்பாக்கிக்காரரின் இருக்கையை எடுத்துவிட்டார்கள். ஐந்து பேர் வண்டி நான்கு பேர் வண்டியாயிற்று. கடைசியாக ஒன்று. பீரங்கியின் பின்பகுதி கோபுரத்தை அடைத்துக்கொண்டதால், குண்டு திணிப்பவர் மறுபக்கம் இருந்த கதவை அவசரத்தில் எட்ட முடியாது. எனவே அவர் தலைக்கு மேலே புதிதாக ஒரு கதவை வெட்டினார்கள்.

கிட்பேஷிங் செய்ய விரும்புகிறவர்கள் இந்த ஒரு வண்டியைப் படித்தால் போதும் என்பேன். எந்த மாற்றமும் அழகுக்காகச் செய்யப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு எடை இருக்கிறது, அல்லது ஒரு ஆள் இருக்கிறார்.

நம் நாட்டு உதாரணம்

நான் தேர்ந்தெடுத்தது சோவியத் நாட்டின் டி-55 டாங்கி. நம் ராணுவத்தில் பல ஆண்டுகள் இருந்தது. அதன் சொந்தப் பீரங்கி 100 மி.மீ. பின்னாளில் நம்மவர்கள் பல டி-55 டாங்கிகளில் அதைக் கழற்றிவிட்டு 105 மி.மீ. பீரங்கியைப் பொருத்தினார்கள். 1965 முதல் ஆவடியில் தயாரான விஜயந்தாவிலும் 105 மி.மீ. பீரங்கிதான். பிரிட்டனின் எல்-7 வகையைச் சேர்ந்தது அது. சோவியத் உடலில் பிரிட்டிஷ் பீரங்கி! கிட்பேஷிங்குக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எது?

என் டப்பாவில் இருந்தவை: நண்பர் ஒருவர் பாதியில் கைவிட்ட டி-55-ன் உடலும் கோபுரமும், ஜெர்மானிய லெப்பர்டு டாங்கியின் பெட்டியில் மிஞ்சிய எல்-7 குழல், இன்னும் சில்லறைப் பாகங்கள்.

முதலில் கணக்கு. பீரங்கிக் குழலின் நீளத்தை அதன் துளை விட்டத்தின் மடங்காகச் சொல்வது வழக்கம். எல்-7 குழல் 52 மடங்கு. 105-ஐ 52-ஆல் பெருக்கினால் 5,460 மி.மீ. பழைய 100 மி.மீ. குழல் 53.5 மடங்கு, அதாவது 5,350 மி.மீ. நான் கட்டும் அளவு 35-ல் ஒரு பங்கு. எனவே 156 மி.மீ.யும் 153 மி.மீ.யும் வருகின்றன. வித்தியாசம் மூன்றே மில்லிமீட்டர். பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம்.

வித்தியாசம் நீளத்தில் இல்லை. குழலின் மேல் ஒரு தடித்த உருளை இருக்கும்; அதைப் பாருங்கள். டி-55-ன் சொந்தக் குழலில் அது வாய்ப்பக்க நுனியில் இருக்கிறது. எல்-7 குழலில் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

அந்த உருளையின் வேலை, புகையை வெளியேற்றுவது. குண்டு குழலுக்குள் ஓடும்போது அதைத் தள்ளி வரும் வாயுவில் ஒரு பகுதி, சிறு துளைகள் வழியே உருளைக்குள் புகுந்துகொள்ளும். குண்டு வெளியேறியதும் குழலில் அழுத்தம் இறங்கும். உருளையில் அடைபட்ட வாயு, முன்னோக்கிச் சாய்ந்த துளைகள் வழியே சீறிக்கொண்டு வந்து, குழலில் தங்கிய புகையையும் வாய்ப்பக்கமாக இழுத்துப் போகும். நீராவி எஞ்சின் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சிலிண்டரிலிருந்து வரும் நீராவி பிளாஸ்ட் பைப் வழியாகப் புகைபோக்கியை நோக்கிப் பாய்ந்து, போகிற போக்கில் புகையையும் இழுத்துக்கொண்டு போகுமே, அதே தத்துவம்தான். உருளை இல்லாவிட்டால், பீரங்கியின் பின்கதவைத் திறந்ததும் நச்சுப் புகை முழுவதும் உள்ளே இருப்பவர்களின் முகத்தில் அடிக்கும்.

கலக்கக் கூடியவை, கூடாதவை

மிச்ச டப்பாவில் பல அளவுப் பாகங்கள் கலந்து கிடக்கும். 35-ல் ஒன்று, 48-ல் ஒன்று, 72-ல் ஒன்று என்று. 175 செ.மீ. உயரமுள்ள ஆள் முதல் அளவில் 50 மி.மீ. இருப்பார், இரண்டாவதில் 36 மி.மீ.; மூன்றாவதில் 24 மி.மீ.

நான் பின்பற்றும் விதி இது: மனிதர் கை வைக்கும், கால் வைக்கும், உடலை நுழைக்கும் பாகங்களை வேறு அளவிலிருந்து எடுக்கக் கூடாது. கதவு, கைப்பிடி, படி, முன்விளக்கு எல்லாம் இதில் அடங்கும். 60 செ.மீ. கதவு 72-ல் ஒன்று அளவில் 8 மி.மீ.தான். அதை என் டாங்கியில் ஒட்டினால் 28 செ.மீ. கதவாகிவிடும். சாப்பாட்டுத் தட்டின் அகலம்! அதற்குள் எந்தச் சிப்பாய் நுழைவார்? ஆனால் பெட்டிகள், குழாய்கள், தகட்டு மூடிகள் ஆகியவற்றுக்கு மனித அளவு கிடையாது. அவற்றை எங்கிருந்தும் எடுக்கலாம்.

சக்கரங்களிலும் கவனம் வேண்டும். டி-55-ல் பக்கத்துக்கு ஐந்து சக்கரம். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே இடைவெளி அதிகம். அதன் தம்பியான டி-62-ல் பின்பக்கத்துச் சக்கரங்களுக்கு நடுவேதான் இடைவெளி அதிகம். நம் டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினின் போகியிலும் மூன்று அச்சுகளுக்கிடையே இடைவெளி சமமாக இராது. எஞ்சினைத் தெரிந்தவர் கண்ணுக்கு அதுதான் அடையாளம். டாங்கி தெரிந்தவர் கண்ணும் அப்படியே.

வேலை முறை

குழலை வெறுமனே ஒட்டினால் தன் எடையிலேயே தொங்கிவிடும். இருபுறமும் சிறு துளையிட்டு, உள்ளே கம்பித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்ட வேண்டும். குழலும் கோபுரமும் சேரும் இடத்தில் உண்மையான டி-55-ல் கேன்வாஸ் உறை உண்டு. மெல்லிய டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துச் சுருக்கம் விழும்படி ஒட்டினால், காய்ந்ததும் அசல் கேன்வாஸ்தான். இரண்டு நாட்டுப் பாகங்களின் மூட்டும் அதற்குள் மறைந்துவிடுகிறது.

கிட் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். இதற்கென்று உள்ள திரவப் பசை பாகங்களின் விளிம்பைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். கிட்டத்தட்ட வெல்டிங் மாதிரி. ஆனால் பேனா ரீஃபில், பாட்டில் மூடி போன்றவை வேறு வகைப் பிளாஸ்டிக். அவற்றில் இந்தப் பசை பிடிக்காது. கம்பி செருகித்தான் நிறுத்த வேண்டும். இடைவெளிகளை எம்-சீல் கொண்டு அடைத்து, இறுகிய பின் உப்புத்தாளால் தேய்க்கலாம். பசையின் ஆவி உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு வேலையைக் குழந்தைகளிடம் தனியாக விடாதீர்கள்.

டி-55-ன் பின்னால் 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாய்கள் இரண்டு இருக்கும். 35-ல் ஒன்று அளவில் அவற்றின் விட்டம் சுமார் 17 மி.மீ. வெர்னியரை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் தேடி, தீர்ந்துபோன மார்க்கர் பேனா ஒன்றைப் பிடித்தேன். பின்னால் ஒரு மரக்கட்டையும் கட்டியிருப்பார்கள். வண்டி சேற்றில் புதைந்தால் அந்தக் கட்டையைச் சங்கிலிப் பட்டைகளில் குறுக்கே கட்டி, அதன்மேல் ஏறி வெளியே வரும். அதற்கு நான் வைத்தது வேப்பங்குச்சி. மரத்துக்கு மரமே நல்லது.

எல்லாம் ஒட்டி முடிந்தபோது வண்டி கோமாளி வேஷம் போலிருக்கும். உடல் பச்சை, குழல் பழுப்பு, பீப்பாய் கறுப்பு. இந்த நிலையில்தான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அவசரப்படாமல் முழுவதற்கும் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு கொடுங்கள். பத்து இடத்திலிருந்து வந்தவை ஒரே வண்டியாகிவிடும். மறைந்திருந்த கீறலும் இடைவெளியும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அவற்றைச் சரிசெய்த பிறகே பச்சை வண்ணம்.

நம் சங்கத்தில் கவச வாகனப் படையிலிருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் இருக்கிறார். டி-55-ல் குண்டு திணிப்பவராகப் பணியாற்றியவர். முடிந்த வண்டியை அவரிடம் காட்டினேன். பீரங்கியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, கோபுரத்தின் வலப்பக்கத்து வட்டக் கதவைச் சுண்டுவிரலால் தொட்டார். “சார், இது என் கதவு” என்றார். வெயில் காலத்தில் உள்ளே எப்படிக் காயும், எந்த இடத்தில் முழங்கை இடிக்கும் என்று அரைமணி நேரம் சொன்னார். போருக்குப் போன வண்டி என்றால் பீரங்கியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உள்ளே இருந்தவர் பார்ப்பது கதவை. அதன் அளவும் இடமும் சரியாக இருந்ததால்தான் அவருக்கு அது தன் கதவாகத் தெரிந்தது.

பெரிய டாங்கிகளை நேரில் பார்த்து அளவு புரிந்துகொள்ள விரும்புவோர், மராட்டியத்தில் அகமத்நகரில் (இன்றைய அகில்யாநகர்) 1994-ல் திறக்கப்பட்ட டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பல ஊர்களில் விஜயந்தா டாங்கிகள் சாலையோரப் பீடங்களில் நிற்கின்றன. அடுத்த முறை ஒன்றைக் கடக்கும்போது ஐந்து நிமிடம் நின்று கதவுகளை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைகள் பாதியில் விட்ட கிட்கள் பரண்மேல் இருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன். டப்பாவோடு வாருங்கள், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அரமும் உப்புத்தாளும் நான் கொண்டு வருகிறேன்.