நாயும் விலங்கும்

மனுவில் கோபம் தெரிய வேண்டும். ஆனால் படிக்கும் அதிகாரி மீது அது படக் கூடாது. கி.மு. 407 நவம்பரில் எகிப்தின் எலிஃபன்டைன் தீவு யூதர்கள் எழுதிய மனு இதற்கு நல்ல உதாரணம்.

நைல் நதியில் அஸ்வானை ஒட்டியுள்ளது அந்தத் தீவு. அங்கே பாரசீகப் பேரரசுக்காக எல்லையைக் காத்துவந்த யூதச் சிப்பாய்களுக்கு ஒரு கோயில் இருந்தது. கி.மு. 410-ல் க்னும் தெய்வத்தின் பூசாரிகளோடு கைகோத்து அதை இடிக்கவைத்தார் உள்ளூர் ஆளுநர் விதரங்கா. திரும்பக் கட்ட உதவி கேட்டு, யூதேயா ஆளுநர் பாகோஹிக்கு யெதானியாவும் சக குருமார்களும் அராமிக் மொழியில் எழுதினார்கள். பேரரசின் அலுவல் மொழி அது. பின்னாளில் அசோகர் காந்தஹார் பாறையில் கிரேக்கத்தோடு சேர்த்துப் பொறித்ததும் அதையே.

1907-ல் ஜெர்மன் அறிஞர் எட்வர்ட் ஸாஹாவ் வெளியிட்ட இந்த மனுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. விஷயம் ஒன்றே, பல இடங்களில் சொற்கள் மாறுகின்றன. ஒருமுறை எழுதியதோடு அவர்கள் விட்டுவிடவில்லை.

விதரங்காவைச் சாடும் இடத்தில் வார்த்தை விளையாட்டே ஆயுதம். அவன் காலிலிருந்த விலங்கை நாய்கள் உருவின என்கிறது மனு. 'கல்பயா' என்றால் நாய்கள், 'கப்லா' என்றால் கால் விலங்கு. க-ல-ப என்பது க-ப-ல ஆகிறது. இரண்டு மெய்கள் இடம் மாறியதுதான் வித்தியாசம். மொழிபெயர்ப்பில் தொலையக்கூடிய இந்தச் சிலேடைக்குத் தமிழ் கைகொடுக்கிறது: நமக்கு மிருகமும் விலங்கு, தளையும் விலங்கு. அது நடந்த தண்டனையா, சாபமா, காலில் கிடந்தது தளையா, அணியா என்ற சர்ச்சை அறிஞர்களிடையே தீரவில்லை.

பாகோஹியும் சமாரியா ஆளுநரின் மகன் தெலாயாவும் சொன்ன பதிலின் குறிப்பும் கிடைத்திருக்கிறது. விதரங்காவுக்கு மனு சூட்டிய 'கொடியவன்' என்ற அடைமொழி அதில் அப்படியே இடம்பெறுகிறது. வசை பலித்தது. ஆனால் மனு கேட்டது தானியப் படையல், சாம்பிராணி, தகனபலி என மூன்று. பதிலில் முதல் இரண்டு மட்டுமே உண்டு. தகனபலியை மறுக்கவில்லை, அந்தச் சொல்லையே காணோம்.

தீவுக்காரர்களுக்கு அது புரிந்தது. அவர்களில் ஐந்து பேர் எழுதிய இன்னொரு கடிதம், கோயில் எழுந்தால் அங்கே ஆடு மாடுகளைத் தகனபலியிட மாட்டோம் என்கிறது. கூடவே அதிகாரிக்கு வெள்ளியும் 1,000 அர்தப் அளவு வாற்கோதுமையும் தருவதாகச் சொல்கிறது. இந்தக் கடிதத்தில் சிலேடை இல்லை.