திக்கற்ற பிள்ளைகளும் அவர்தம் தாய்மாரும்

மாசற்ற பக்தி யாதெனச் சொல்ல வந்த யாக்கோபின் நிருபம், துன்பத்தில் உழலும் திக்கற்ற பிள்ளைகளை நாடிச் சென்று விசாரிக்கும்படி பணிக்குமிடத்தில், விதவைகளையும் சேர்த்தே கூறுகிறது. பிள்ளைகளை நினைவில் வைத்த சபையார் விதவைகளை மறந்துவிட்டனரே என்பதுதான், ஹைட்டி நாட்டு அநாதை விடுதிகளைப் பற்றிப் படிக்குந்தோறும் என் உள்ளத்தை வருத்தும் எண்ணம்.

கரீபியன் கடலிலுள்ள அந்த ஏழை நாட்டுக்கு அமெரிக்கச் சபைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான விசுவாசிகள், தம் விடுமுறையையும் சேமிப்பையும் செலவிட்டு, ஒரு வார மிஷன் யாத்திரையாகச் சென்று வந்தனர். வேன் விடுதி முற்றத்தில் நின்றதும் நின்றதுமாக, மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் ஓடிவந்து, முன்பின் அறியாத விருந்தினரின் விரல்களைப் பற்றி, இடுப்பில் ஏறி, இறக்கிவிட முயன்றால் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுக்கும் காட்சி எவர் நெஞ்சையும் உருக்கும். ஆயினும் சிசு மனோதத்துவம் அறிந்தோர் அதைக் கண்டு கவலையே கொள்கின்றனர். அந்நியரைக் கண்டால் தாயின் ஆடைக்குப் பின் ஒளிந்துகொள்வதே அவ்வயதின் சுபாவம். பராமரிப்போர் ஓயாது மாறும் விடுதியில் வளரும் குழந்தைதான் வருவோர் எல்லாரையும் தாவிப் பற்றுகிறது. தாயைப் பிரிந்த குழந்தையின் மனம் படும் சேதத்தை, உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக ஜான் பௌல்பி என்ற ஆங்கில மருத்துவர் 1951-லேயே எழுதிவைத்தார். 2000-ல் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 136 விடுதிக் குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சியோ, வளர்ப்புக் குடும்பங்களுக்கு இளம் வயதிலேயே மாற்றப்பட்டவர்கள் அறிவிலும் பாசத்திலும் தேறினர் என்று காட்டியது. வார முடிவில் விருந்தினர் கண்ணீரோடு விடைபெறும்போது, குழந்தைக்கு அது மற்றுமொரு பிரிவாகிறது.

ஹைட்டியின் விடுதிகளில் ஏறக்குறைய 30,000 குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களுள் நூற்றுக்கு 80 பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருப்பதாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். பின் ஏன் பிள்ளையை விட்டார்கள் என்று கேட்போர், அந்நாட்டுப் பள்ளிகளுள் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை என்பதை அறிய வேண்டும். பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் சீருடைக்கும் வழியின்றி, சந்தையில் கூறுகட்டி விற்றுப் பிழைக்கும் ஒரு கைம்பெண், மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும் என்று விடுதிக்காரர் சொல்வதை நம்பித் தன் மகவை ஒப்படைக்கிறாள். அவள் கைவிட்டாள் என்று சொல்வது பெரும் பாவம்.

2010 ஜனவரி 12-ஆம் தேதி பூகம்பம் ஹைட்டியின் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரைச் சின்னாபின்னமாக்கிய பின், அம்மாத இறுதியில் 33 குழந்தைகளை உரிய பத்திரங்களின்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று 10 அமெரிக்க விசுவாசிகள் பிடிபட்டனர். அநாதைகளெனக் கருதப்பட்ட அக்குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தனர். பிள்ளைகள் படித்து முன்னுக்கு வருவார்கள் என்று நம்பித் தாமே மனமுவந்து அனுப்பியிருந்தனர்.

யாத்திரை சென்றோரின் அன்பை நான் ஐயுறவில்லை. நம் திருநெல்வேலிச் சீமையின் தோனாவூரில் குழந்தைகளுக்குத் தாயாக விளங்கிய ஏமி கார்மைக்கேலும் கடல் கடந்து வந்தவரே. ஆனால் 1895-ல் இந்தியாவுக்கு வந்த அந்த அம்மையார், 1951-ல் இங்கேயே கண்மூடும்வரை ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. அத்தகைய வாசம் எல்லார்க்கும் கூடுவதன்று. கூடாதவர்கள், விமானச் சீட்டுக்காகும் பணத்தை அந்தத் தாய்மாருக்கு அனுப்பலாம். சில சபைகள் அவ்வாறே செய்யத் தலைப்பட்டிருப்பது எனக்கு மிகுந்த ஆறுதல் அளிக்கிறது. விடுதிக் குழந்தையை வீடு சேர்க்கும் பணியாளர், முதலில் ஊரைக் கண்டறிந்து, தாயோ பாட்டியோ சித்தியோ இருக்கிறார்களா என்று விசாரித்து, கூரை ஒழுகினால் செப்பனிட உதவி, பள்ளிச் சம்பளத்துக்கும் சிறு வியாபாரத்துக்கும் வழிசெய்த பின்னரே பிள்ளையை அழைத்துச் செல்கிறார். விட்டுவந்த பின்னும் மாதக் கணக்கில் போய்ப் போய்ப் பார்த்து வருகிறார்.