பையில் அடைபடும் எத்திலீன்

எத்திலீன் நிறமற்ற வாயு. மூலக்கூறில் இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான். தாவரங்களுக்கோ அது ஹார்மோன். பழங்கள் தாமே இதை வெளியிடுகின்றன என்பதை 1934-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் ஆப்பிள்களை வைத்து நிறுவினார். மாங்காயை வைக்கோலில் பொதிப்பதும் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுவதும் இந்த வாயுவை நம்பிய வழக்கங்களே. முன்னதில் காய் விடும் வாயு வெளியேறாமல் தங்குகிறது. பின்னதில் புகையோடு வந்து சேர்கிறது.

வாழை, மா, தக்காளி, பப்பாளி, சப்போட்டா ஆகியவை பறித்த பின்னும் பழுப்பவை. அவற்றின் மேல் சிறிது எத்திலீன் பட்டால் போதும், அவையே மேலும் சுரக்கத் தொடங்கும். பெட்டியில் ஒரு காய் முந்திக்கொண்டால் மற்றவையும் வரிசையாகக் கனிவது இதனால்தான். திராட்சையும் மாதுளையும் இந்த ரகமல்ல. காய்கறிகளுக்கு எத்திலீன் கேடு: வெள்ளரிக்காய் மஞ்சளாகும், கேரட் கசக்கும்.

பொட்டலத்துக்குள் இதை அடக்கும் எளிய வழி, உண்டான வாயுவை உறிஞ்சுவது. 1970-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாலித்தீன் பையில் வாழைக்காயோடு பொட்டாசியம் பர்மாங்கனேட்டையும் வைத்துப் பழுப்பதைத் தள்ளிப்போட்டனர். இன்று களிமண், அலுமினா, சியோலைட் போன்ற நுண்துளைப் பொருள்களில் அதை ஊறவைத்துச் சிறு பைகளில் அடைக்கிறார்கள். பர்மாங்கனேட் எத்திலீனைச் சிதைத்துக் கரியமில வாயுவும் நீருமாக்கும். ஊதா நிறம் பழுப்பாகிவிட்டால் சரக்கு தீர்ந்தது என்று பொருள். அது நஞ்சு என்பதால் பழத்தில் படக் கூடாது.

இரண்டாவது வழி, வாயு உண்டாகும் வேலையையே மந்தமாக்குவது. எத்திலீன் உருவாகும் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் தேவை. காற்றில் 21 சதவீதம் இருக்கும் அதைப் பைக்குள் 2 முதல் 5 சதவீதமாகக் குறைத்தால் பழுப்பது தாமதமாகும். அடியோடு வற்றினால் பழம் புளித்து நாறும். பையில் நுண்துளைகள் இடுவது அதற்காகத்தான்.

மூன்றாவது, 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன். அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் கண்டறிந்தது. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, எத்திலீன் சென்று ஒட்ட வேண்டிய இடத்தை இது முன்னரே பிடித்துக்கொள்ளும். மூன்றிலும் கெட்டிக்காரத்தனமானது இதுவே. ஆனால் குளிர்ச்சி இல்லாவிட்டால் எந்த வழியும் நெடுநாள் தாங்காது. ஆனாலும் வாழையை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, தோல் கறுத்துவிடும்.

பழம் பயணிக்கும் வழியெல்லாம் விரட்டிய வாயுவைச் சேருமிடத்தில் பழுக்கவைக்கும் அறைக்குள் வேண்டுமென்றே செலுத்துகிறார்கள். இந்தியாவில் இதற்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கத் தடை உள்ளது.