கல்கத்தாவில் ஒரு செஸ் கலாட்டா... தெரியுமா?

● செஸ்ஸில் ‘க்ரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ்’ என்ற தொடக்க ஆட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1922-ல் ஆஸ்திரியாக்காரர் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் வியன்னாவில் அதை ஆடி, பின்னாளில் உலக சாம்பியனான அலெகைனையே சாய்த்தார். ஆனால் 67 வருஷம் முன்பே, 1855 மே மாதம், கல்கத்தாவில் ஒரு வங்காளி அதை ஆடிவிட்டார்! பெயர் மகேஷ்சந்திர பானர்ஜி!

● அவர் யார் தெரியுமா? நம்மூர் சதுரங்க விதிகளில் ஊறி, பிறகு ஐரோப்பிய விதிகளுக்கு மாறியவர்! வெள்ளைக் காய்களோடு எதிரே உட்கார்ந்தவர்? ஸ்காட்லாந்து வக்கீல் ஜான் காக்ரன்!

● 13-வது மூவில் பானர்ஜியின் ராணி ஏ5-க்குக் கிளம்பியது. காக்ரனின் ஒற்றை யானை விரட்டிய விரட்டில், 16-வது மூவில் புறப்பட்ட டி8-க்கே வந்து சேர்ந்தது! வைத்த 3 அடியும் வீண்!

● 17-வது மூவ். வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவுகிறது. பானர்ஜி வெள்ளை மந்திரியை வெட்டுகிறார். காக்ரன் கண்டுகொண்டாரா? ம்ஹூம்! 18-ல் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டுகிறது. பானர்ஜியின் குதிரை ஏ5-க்கு வந்து வெள்ளை ராணியை மிரட்டுகிறது. இனி மிரட்டி என்ன பயன்?

● எஃப்7-ல் நிற்கும் வெள்ளைக் குதிரை எச்6-க்குப் போனால் இரட்டை செக்! குதிரையும் செக், பின்னாலிருந்து ராணியும் செக்! ராஜா எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7-ல் மேட். மூலைக்கு ஓடினால்? ராணி ஜி8-க்குப் போய்த் தன்னையே பலி கொடுக்கும்! யானை வெட்டியே ஆக வேண்டும். குதிரை மறுபடி எஃப்7. மேட்! ராஜாவை நகரவிடாமல் அடைத்து நிற்பவை யானை, மந்திரி, சிப்பாய்... மூன்றும் சொந்தப் படை!

● எஃப்7 மேல் காக்ரனுக்கு அப்படி என்ன கண்ணோ! 1848-ல் இதே பானர்ஜியிடம், 4-வது மூவிலேயே அங்கே குதிரையைப் பலி கொடுத்தவர். அதுதான் ‘காக்ரன் காம்பிட்’! 1999-ல் லினாரெஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக் மீதே இன்னொரு கிராண்ட்மாஸ்டர் டோபலோவ் அதை ஏவினார் தெரியுமா? ஆட்டம் டிரா!

● நம்ம ஆனந்த்? 2010 சோஃபியா உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் க்ரூன்ஃபெல்ட் ஆடி, அதே டோபலோவிடம் தோற்றார்! ஆனால் பட்டம்? ஆனந்துக்கே!

● கோபர்கைரனே ஸ்டேஷனில் தாணே லோக்கல் ரயில் ஏறுகிறீர்களா? மொபைல் போர்டில் 18-வது மூவ் நிலையை அடுக்கி, பக்கத்து சீட்காரரிடம் நீட்டுங்கள்: “வெள்ளைக்கு மூணே மூவ்ல மேட். எப்படின்னு தெரியுமா?”