மூன்று வயதுப் பிள்ளைக்குப் போன் விளையாட்டு: எதைக் கொடுக்கலாம்?

அம்மா கழனிக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார். பால்வாடி விட்டு வரும் பிள்ளையை ஆயாதான் பார்த்துக்கொள்வார். கலசப்பாக்கத்திலும் ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்களிலும் இது சகஜம். ஒரு வாய் சோறு இறங்கவே போன் கேட்கும் பேரனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. போனில் எந்த விளையாட்டு இருக்க வேண்டும் என்பதைப் போனுக்குச் சொந்தக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எவ்வளவு நேரம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு இது: இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். டிவியும் இந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் அடக்கம். மூன்று, நான்கு வயதில் ஓடியாட மூன்று மணி நேரமாவது வேண்டும். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். சாப்பிடும்போதும் படுக்கப்போகும் முன்பும் போனை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

'3+' என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. பிளே ஸ்டோரில் கால்குலேட்டருக்கும் 3+ தான். கடும் வன்முறை, ஆபாசம் இல்லை என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான 135 ஆப்களை ஆராய்ந்தார்கள். 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்தது. பணமும் போகலாம்: பிள்ளைகள் விளையாட்டுக்குள் பெற்றோர் அனுமதியில்லாமல் வாங்கியவற்றுக்காக 2014இல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

முதலில் நீங்கள் ஆடுங்கள்

பிள்ளை கையில் கொடுக்கும் முன் பத்து நிமிடம் நீங்களே ஆடிப் பாருங்கள். நேரம் ஓடுகிறது என்று விரட்டுகிறதா? காசு சேர், நாளைக்கு வந்தால் பரிசு என்று இழுக்கிறதா? ஓர் ஆட்டம் முடிவதற்குள் அடுத்தது தானாகத் தொடங்குகிறதா? அழித்துவிடுங்கள். நிறம் பிரிப்பது, உருவம் பொருத்துவது, படம் வரைவது என்று நிதானமாக நடந்து, ஓர் இடத்தில் முடிகிற விளையாட்டே இந்த வயதுக்குச் சரி. கான் அகாடமி கிட்ஸ் இலவசம், விளம்பரமும் கிடையாது. ஆனால் பேசுவது ஆங்கிலம். பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன நிறம் கண்ணு?" என்று தமிழில் கேட்க ஆள் வேண்டும்.

நெட் இல்லாமலே ஓடும் விளையாட்டு என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். பெரும்பாலான விளம்பரங்கள் வராது. பிளே ஸ்டோரில் எதை வாங்கவும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

போனில் எண்ணியதைத் தரையிலும் எண்ணட்டும். ஜவ்வாது மலைப் புளி வாங்கும் வீட்டில் கொட்டைக்கா பஞ்சம்? பத்துக் கொட்டையைப் பல்லாங்குழியில் போட்டு எடுக்கும்போது விரலுக்கும் வேலை. மூன்று வயதுக்குள் இருந்தால் மட்டும் கொட்டை வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குக் கிண்ணமும் கரண்டியும் போதும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், போனால்தான் இப்படி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காது கேட்பதில் கோளாறாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி, காதுப் பரிசோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள்.