உங்கள் சிம்மை ஏற்காத கைபேசி

பாலகாட்டிலும் சுற்றிலுமுள்ள லைன் வீடுகளிலும் விடியுமுன்னே அடுப்பு மூட்டப்படுவது எதற்கென்று தங்கவயலைச் சேர்ந்த எவரும் அறிவர். பெங்களூரு ரயிலைப் பிடிப்பதற்காகத்தான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் ஜீவனம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நகரத்தைச் சார்ந்ததாகிவிட்டது. இருட்டில் பிரிந்து இருட்டில் கூடுகிற இக்குடும்பங்களுக்குக் கைபேசி ஆடம்பரப் பொருளன்று. ரயில் தாமதம் என்று வீட்டுக்குச் சொல்வதும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலையிடத்துக்குச் சொல்வதும் அதுவே.

புதியது வாங்க வசதியில்லாதபோது பழையதைத் தேடுவது இயல்பு. ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் கிடைக்காதவர்கள் பெங்களூரு மெஜஸ்டிக்கில் இறங்கி, நேஷனல் மார்க்கெட்டிலோ எஸ்.பி. ரோட்டிலோ விசாரிப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு வெளிநாட்டுக் கைபேசி இருக்கும். அதே ரகத்தின் வழக்கமான பழைய விலையைவிட வெகு மலிவாகவும் இருக்கும். கடைக்காரர் அதைத் திறந்து படம் ஓட்டிக் காட்டுவார், புகைப்படம் எடுத்துக் காட்டுவார். எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். வீட்டுக்கு வந்து உங்கள் சிம் கார்டைப் போட்டால்தான், 'இந்தச் சிம் ஏற்கத்தக்கதல்ல' என்ற வரி திரையில் தோன்றும். கடையில் ஓடிய படம் அவர்களுடைய வைஃபையில் ஓடியது. பூட்டிய கைபேசியிலும் வைஃபை தடையின்றி வேலை செய்யும்.

இந்தப் பூட்டு எப்படிப்பட்டது? ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு நீண்ட எண் பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த சில இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கும். இந்தியச் சிம்கள் 404 அல்லது 405 என்று தொடங்கும். அமெரிக்கச் சிம்கள் 310, 311 போன்ற எண்களில் தொடங்கும். பூட்டிய கைபேசி இந்த இலக்கங்களை வாசித்து, தனக்குக் கற்பிக்கப்பட்ட நிறுவனத்தின் எண் இல்லையென்றால் சிம்மைத் தள்ளிவிடும். கருவியில் பழுதொன்றும் இல்லை. ஆகையால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதாலும் பயனில்லை.

அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்களே கைபேசியைத் தவணையில் கொடுக்கின்றன. கடன் தீருமுன் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாதபடி இப்படிப் பூட்டி வைக்கிறார்கள். கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய கைபேசிகளை நிறுவனங்கள் விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்நாடுகளிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய கைபேசி எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் கைபேசியை ஒரு கடையிலும் சிம்மை வேறொரு கடையிலும் வாங்கிப் பழகியதால் இந்தப் பூட்டு பலருக்குத் தெரியாது. ஆனால் முற்றிலும் புதிதல்ல. 2003-ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் நிறுவனம் 501 ரூபாய் முதற்கட்டணத்தில் கைபேசி கொடுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சி.டி.எம்.ஏ. கருவிகளில் சிம் போடும் இடமே இல்லை. எண் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பியவர் கருவியையே விட்டுவிட வேண்டியதாயிற்று. பின்னர் அந்தச் சேவையும் நின்றுபோக, அலமாரிகளில் கிடந்த கருவிகள் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாயின.

அதற்குப்பின் 2017-இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் வந்த ஜியோபோனும், 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத்தும் ஜியோ சிம்மில் மட்டுமே இயங்குபவை. புதிதாக வாங்குகிறவருக்கு இது தெரியும். பாட்டிக்கு ஒரு பட்டன் போன் போதும் என்று பழையதாக வாங்குகிறவருக்குத்தான் தெரிவதில்லை. பாட்டியிடம் பல வருடங்களாக வேறு நிறுவனத்தின் எண் இருந்தால், அந்த மலிவு போன் அவருக்கு உதவாது.

'ஒரு நிமிஷத்தில் அன்லாக் பண்ணித் தருகிறோம்' என்று சொல்லுகிறவர்களும் உண்டு. முறையாகத் திறக்கக்கூடியவர் பூட்டிய நிறுவனமே. அதுவும் தவணை முழுவதும் தீர்ந்திருந்தால், களவு போனதாகப் புகார் இல்லாதிருந்தால். முன்பின் அறியாத அமெரிக்கர் ஒருவரின் கடன் பாக்கியை பெங்களூரில் இருந்துகொண்டு யார் தீர்ப்பது? ஆகையால் சிலர் சிம்முக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டிக் கொடுப்பார்கள். டர்போ சிம், ஆர்-சிம் என்று அதற்குப் பெயர். அது கைபேசியை ஏமாற்றி, உள்ளே இருப்பது தன் நிறுவனத்தின் சிம்தான் என்று நம்பவைக்கும். மென்பொருளைப் புதுப்பித்தவுடன் பல நேரங்களில் அந்த ஏற்பாடு நின்றுவிடும். சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். உங்கள் கார்டைத் தவிர வேறு எதுவும் அதில் இருக்கலாகாது. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் தட்டே கிடையாது. இ-சிம் மட்டுமே உண்டு. தட்டு இல்லாத ஐபோன் கைக்கு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தச் சிம்மோடு போங்கள். பணம் கொடுக்குமுன் அதைப் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு அழைப்பு பேசுங்கள். முடிந்தால் உடன் வந்தவருடைய வேறு நிறுவனச் சிம்மையும் போட்டுப் பாருங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் என்ற பக்கத்தில் 'கேரியர் லாக்' என்றொரு வரி உண்டு; 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் பூட்டு இல்லை.

பூட்டு இல்லாததெல்லாம் நேர்மையாக வந்தது என்றும் எண்ண வேண்டாம். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த 15 இலக்கங்கள் என்று தட்டச்சு செய்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண் எந்த ரகத்துக்கு உரியது, தடைப்பட்டியலில் உள்ளதா என்று பதில் வரும். 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த சஞ்சார் சாத்தி ஏற்பாட்டின் ஒரு பகுதி இது. பறிகொடுத்தவர் தடை செய்யச் சொன்ன கைபேசியில் இந்தியாவின் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் பேச இயலாது. ரயிலில் யாரோ இழந்த போன் இரண்டு கை மாறி உங்கள் சட்டைப்பைக்கு வந்திருந்தால், போலீசாருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே. அப்போது கையில் பில் இல்லாவிட்டால் எதைக் காட்டுவீர்கள்?

இன்னும் இரண்டு சுருக்கமாக. பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு நீக்கப்படாதிருந்தால், அழித்துத் துவக்கியவுடன் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும்; அதைக் கடையிலேயே அவர் கண்முன் செய்யச் சொல்லுங்கள். நம் ஊரிலேயே தவணையில் வாங்கப்பட்ட போன் என்றால், பாக்கி நின்றவுடன் நிதி நிறுவனம் திரையைப் பூட்டிவிடக்கூடும். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அறிமுகமானவர், ஒரே பெட்டியில் தினமும் பயணம் செய்கிறவர் என்பதற்காகக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவரும் அதை வேறொருவரிடம் கேளாமல் வாங்கியவராயிருக்கலாம்.