யூரியாவும் ஒரு தாமிர நொதியும்

வயலில் இடும் யூரியா முழுவதும் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சும் நைட்ரஜனில் ஒரு பகுதி, மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. ஈரம் மிகுந்து மண்ணில் காற்றோட்டம் குறையும்போது, சிலவகை பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்கு மாற்றாக இந்த நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன.

அப்போது நைட்ரேட் படிப்படியாக நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என மாறி, இறுதியில் தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. இந்தக் கடைசி மாற்றத்தை நிகழ்த்துவது 'நைட்ரஸ் ஆக்சைடு ரிடக்டேஸ்' என்னும் நொதி. தாமிரம் இன்றி இது இயங்காது. நான்கு தாமிர அணுக்கள் கந்தகத்துடன் பிணைந்த மையத்தில் வேதிவினை நடைபெறுகிறது. இரு தாமிர அணுக்கள் கொண்ட மற்றொரு மையம் அதற்கு வேண்டிய எலக்ட்ரான்களை வழங்குகிறது.

இந்தக் கடைசிப் படி தடைபட்டால் நைட்ரஸ் ஆக்சைடு அப்படியே வளிமண்டலத்துக்குச் சென்றுவிடும். நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. ஓசோன் படலத்தையும் அது சிதைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடியில் 270 பங்காக இருந்த இந்த வாயு, இன்று 330 பங்கைத் தாண்டிவிட்டது. இவ்வுயர்வுக்கு முதன்மைக் காரணம் வேளாண்மையே.

ஆக்சிஜன் பட்டால் இந்த நொதியின் செயல் தடைபடும். தாமிரம் போதாவிட்டாலும் அது முடங்கும். மண் அமிலத்தன்மை அடைந்தால், மரபணு கட்டளை பிறப்பித்தாலும் நொதி முறையாக உருப்பெறுவதில்லை. யூரியாவைத் தொடர்ந்து மிகுதியாக இடுவதே மண்ணை அமிலமாக்கும் என்பதுதான் கவலைக்குரியது. அதாவது, நைட்ரஸ் ஆக்சைடுக்கான மூலப்பொருளையும் பெருக்குகிறோம். அதை அழிக்கும் நொதியையும் முடக்குகிறோம்.

அப்படியானால் வயலில் மயில்துத்தத்தைத் தூவிவிடலாமே என்று தோன்றலாம். அது தீர்வாகாது. தாமிரம் அளவுக்கு மிஞ்சினால் மண்ணுயிர்களுக்கு நஞ்சு. அமில மண்ணுக்குப் பரிசோதனை செய்து சுண்ணாம்பு இடுவதும், உரத்தைப் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்து இடுவதுமே பயன் தரும். 2015-இல் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய் பூசிய யூரியா, நைட்ரேட் உருவாவதைத் தாமதப்படுத்துவதால் ஓரளவு உதவுகிறது.

ஒருவர் செய்யும் செலவில் அடங்காமல் ஊர் முழுவதும் சுமக்க நேரும் இழப்பைப் பொருளியலில் புறவிளைவு என்பர். 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தால் சுமார் 267 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த விலையில் மண்ணின் அமிலமும் இல்லை, ஓசோனின் சிதைவும் இல்லை. விலை மலிவாக இருப்பதால் தேவைக்கு மேல் இடுகிற விவசாயியைக் குறைகூறிப் பயனில்லை. அவரை அவ்வழியில் செலுத்துவது நமது விலைக் கொள்கையே.

மானியத்தைத் திடீரென நீக்கினால் சிறு விவசாயி நொடிந்துபோவார். அதைப் படிப்படியாக மூட்டையிலிருந்து மண்ணின் நலத்துக்கு மாற்றுவதே விவேகம். மண் பரிசோதனைக்கும், சுண்ணாம்புக்கும், தொழு உரத்துக்கும் அந்தத் தொகையில் உரிய பங்கு கிடைக்க வேண்டும். கூலி கேட்காமல் மண்ணுக்கடியில் பணியாற்றும் பாக்டீரியாக்களுக்கு நாம் செய்ய வேண்டியது, அவற்றின் வேலைக்கு இடையூறு செய்யாமல் இருப்பது மட்டுமே.